விலையும் சுவையும்: திராட்சை இரசத்தின் வரலாற்றிலிருந்து சில ஏடுகள்

கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளராக இருந்தவரைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கற்சாடிகள் ஆறு, அவற்றில் ஏறத்தாழ 500 முதல் 700 லிட்டர் வரை கொள்ளும் என்று விவிலிய அறிஞர் கணக்கிடுவர். அந்த இரசத்தை முதலில் சுவைத்துப் பார்த்தவர் அவரே. அது எங்கிருந்து வந்தது என்பது தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்பதை யோவான் நற்செய்தி தவறாமல் குறித்து வைத்திருக்கிறது. அவர் அளித்த நற்சான்று, ஊரின் பெயரைக் கேட்டு அளித்ததன்று. விலையை விசாரித்து அளித்ததுமன்று. நாவைக் கேட்டு அளித்த தீர்ப்பு அது. நல்ல இரசத்தை முதலில் பரிமாறி, விருந்தினர் நிறையக் குடித்தபின் தரம் குறைந்ததைக் கொண்டு வருவது உலக வழக்கம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பெயருக்கும் பண்டத்துக்கும் உள்ள இடைவெளியில் வாணிகம் எவ்வாறு விளையாடுகிறது என்பது அக்காலத்திலேயே ஊரறிந்த செய்தி போலும்.

திராட்சை இரசத்தைப் பற்றி எழுதுவதற்கு நம்மிடையே சற்றுத் தயக்கம் இருப்பது இயல்பே. குடியால் சீரழிந்த குடும்பங்கள் இல்லாத பங்கு நம் நாட்டில் ஏது? திமொத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுலடியார் சொன்ன அறிவுரையைத் தம் வசதிக்கேற்ப விரித்துரைப்போரையும் நாம் அறிவோம். அவர்களுக்குத் துணைபோவது நம் நோக்கமன்று. ஆயினும், பிரான்சில் குடியேறிய புதுவை, காரைக்கால், யாழ்ப்பாணக் குடும்பங்களின் உணவு மேசையில் ஒரு கிண்ணம் சிவப்புத் திராட்சை இரசம் இடம்பெற்றுவிட்டது. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு புட்டி நம் இல்லங்களுக்கும் வந்து சேர்கிறது. “இது விலை உயர்ந்தது” என்ற பரிந்துரையோடுதான் பெரும்பாலும் அது வருகிறது. விலை உயர்ந்ததெல்லாம் நல்லதா, குறைந்த விலையில் நல்லது கிடைக்குமா என்று கேட்பவர்க்கு வரலாற்றில் விடை இருக்கிறது. அவ்விடையில் நம் துறவியரும், ஒரு திருத்தந்தையும், ஓர் ஆயரும் இடம்பெறுகின்றனர் என்பதே இம்மடலில் இதனை எழுதத் துணிந்ததற்குக் காரணம்.

கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேய் நகரத்தில் ஒரு மதுக்கடைச் சுவரில் விலைப்பட்டியல் எழுதப்பட்டிருந்தது. சாதாரண இரசம் ஒரு காசு. அதனினும் மேலானது இரண்டு காசு. புகழ்பெற்ற ஃபலேர்னிய இரசம் நான்கு காசு. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 301-இல் தியோக்கிளேசியன் பேரரசன் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தபோது, ஃபலேர்னியத்துக்கு ஒரு படிக்கு 30 தெனாரியமும் நாட்டுப்புற இரசத்துக்கு 8 தெனாரியமும் உச்ச விலையாக விதித்தான். கிறிஸ்தவர்களைக் கொடுமையாகத் துன்புறுத்தியவன் என்றே நாம் அவனை நினைவுகூர்கிறோம். விலைவாசியோடும் அவன் போராடித் தோற்றான் என்பது தனிக்கதை. இங்கு நாம் கருத வேண்டியது அந்த விகிதத்தையே. உரோமை உலகில் மிகச் சிறந்த இரசமும் மிக எளிய இரசமும் விலையில் நான்கு மடங்கு அளவிலேயே வேறுபட்டன. இன்று பாரீசுக் கடைகளில் அன்றாடச் சிவப்பு இரசத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான விலையில் போர்தோ நகரத்துப் பெரும்பெயர்கள் விற்கப்படுகின்றன. நான்கு நூறாக வளர்ந்த கதைதான் நாம் அறிய வேண்டிய கதை. மனிதரின் நாக்கு அதே நாக்குத்தான். அது இருபத்தைந்து மடங்கு கூர்மை பெற்றதாகச் சான்று எதுவுமில்லை.

நடுக்காலத்தில் திராட்சைத் தோட்டங்களைக் காத்து வளர்த்தவர்களுள் துறவியர் முதன்மையானவர்கள். திருப்பலிக்கு இரசம் வேண்டும். விருந்தினர்க்கும் நோயாளர்க்கும் வேண்டும். புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கின் நாற்பதாம் அதிகாரத்தில், துறவியர்க்கு இரசம் தகாது எனினும் இக்காலத் துறவியரை அவ்வாறு நம்பவைக்க இயலாது என்று சற்றே பெருமூச்சுடன் ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு ‘ஹெமினா’ அளவை அனுமதிக்கிறார். உரோமை அளவையில் அது ஏறத்தாழ 270 மில்லி லிட்டர். மனித இயல்பை அறிந்த புனிதர் அவர்.

அவ்வொழுங்கைக் கண்டிப்பாகப் பின்பற்ற விரும்பியோர் 1098-இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சீத்தோ என்னுமிடத்தில் மடம் அமைத்தனர். இவர்களே சிஸ்டர்சியன் சபையார். அடுத்த நூற்றாண்டில் வூஜோ என்ற ஊரில் நிலங்களைக் கொடையாகவும் விலைக்கும் பெற்று, பல தலைமுறைகள் உழைத்து, ஏறத்தாழ 50 எக்டேர் பரப்புள்ள ஒரே தோட்டமாக அவற்றை இணைத்து மதில் எழுப்பினர். ‘க்ளோ த வூஜோ’ எனப்படும் அத்தோட்டம் இன்றும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது அது தேசிய உடைமையாக்கப்பட்டு, 1791-இல் ஏலத்தில் விற்கப்பட்டது. பின்னர் 1889-இல் பலருக்குப் பிரித்து விற்கப்பட்டு, மேலும் மேலும் பங்காகி, இன்று ஏறத்தாழ எண்பது உடைமையாளர் கையில் இருக்கிறது. சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டுமே சொந்தம். சரிவின் மேற்பகுதியில் நீர் தேங்காத மண். சாலையோரத் தாழ்பகுதியில் ஈரம் கோத்த களிமண். உழைப்பவர் சிலர், பெயரை நம்பி உறங்குபவர் சிலர். எனினும் எல்லாப் புட்டிகளின் மீதும் ஒரே பெயர், ஒரே உயர் தரநிலை. துறவியர் மேட்டு நிலத்துத் திராட்சையையும் பள்ளத்து நிலத்துத் திராட்சையையும் அறிந்து ஒரே கூரையின்கீழ் கலந்து செய்தனர். அந்தக் கலப்பு இன்று இல்லை. எனவே, பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர், ஒரே மதிலுக்குள் விளைந்த இரசத்திலேயே ஏமாறவும் கூடும், மகிழவும் கூடும். இடத்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள உற்பத்தியாளர் பெயரே அங்கு முதன்மையானது. பர்கண்டி இரசம் வாங்குவோர் இதைப் பெரும்பாலும் பணத்தை இழந்தே கற்கின்றனர்.

போர்தோவின் கதை வேறு வகையானது. அங்கு ஆங்கிலேய, டச்சு வணிகர்கள் நெடுங்காலமாகக் கொள்முதல் செய்துவந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லஃபீத், லத்தூர், மர்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு தோட்டங்கள் தனிப் புகழ் பெற்றுவிட்டன. 1787-இல் அந்நகருக்குச் சென்ற தாமஸ் ஜெஃபர்சன்—பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்—இந்நான்கையே முதல் தரமாகக் குறித்துக்கொண்டார். 1855-இல் பாரீசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்காக ஒரு தரப்பட்டியல் கேட்கப்பட்டது. போர்தோ வணிகக் கழகம் அப்பணியைத் தரகர் சங்கத்திடம் ஒப்படைத்தது. தரகர்கள் கிண்ணங்களை வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்க்கவில்லை. தங்களிடமிருந்த கணக்குகளைக் கொண்டு, நெடுங்காலமாக எத்தோட்டம் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து, அதிக விலைக்குப் போனதை முதல் தரமென்றும், அடுத்ததை இரண்டாம் தரமென்றும், இவ்வாறு ஐந்து தரங்களாக எழுதி, ஏப்ரல் 18 அன்று கொடுத்துவிட்டனர். ஒரு பொருட்காட்சியின் தேவைக்காக எழுதப்பட்ட தாள் அது. ஆனால் அது கல்லில் பொறித்த கட்டளையாயிற்று. குறிப்பிடத்தக்க ஒரே மாற்றம் 1973-இல் நிகழ்ந்தது: பரோன் பிலிப் த ரோத்ஷீல்ட் பல பத்தாண்டுகள் வாதாடியதன் பயனாக, வேளாண் அமைச்சராக இருந்த ழாக் சிராக் ஒப்பமிட்டு மூத்தோன் ரோத்ஷீல்ட் தோட்டத்தை முதல் தரத்துக்கு உயர்த்தினார்.

இதில் உள்ள சுழலைக் கவனிக்க வேண்டும். விலை அதிகமாக இருந்ததால் தரம் உயர்ந்தது என்று எழுதப்பட்டது. தரம் உயர்ந்தது என்று எழுதப்பட்டதால் விலை மேலும் ஏறியது. இதற்கிடையில் தோட்டங்கள் நிலம் வாங்கின, விற்றன, உடைமையாளர் மாறினர், சோம்பேறி மகன்களும் சுறுசுறுப்பான மருமகன்களும் வந்து போயினர். பட்டியல் மட்டும் அசையவில்லை. தரகர்கள் ஏமாற்றினார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் நேர்மையானவர்களே, சந்தை நூறாண்டு காலமாகக் கூறிய தீர்ப்பில் உண்மையும் நிறையவே இருந்தது. அவர்கள் செய்த பட்டியல் 1855-ஆம் ஆண்டுக்குரியது. அதை எல்லா ஆண்டுகளுக்கும் உரியதாகக் கொண்டவர்கள் பின்வந்தோர். ஐந்தாம் தரமென எழுதப்பட்ட லேன்ஷ்-பாழ் போன்ற தோட்டங்கள் இன்று இரண்டாம் தரத்தவற்றோடு விலையில் போட்டியிடுகின்றன என்பதிலிருந்தே அது விளங்கும்.

பந்தி மேற்பார்வையாளரின் முறை நம் காலத்தில் ஒருமுறை பாரீசில் மீண்டும் கையாளப்பட்டது. 1976 மே 24 அன்று, அந்நகரில் கடை நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், பிரெஞ்சு நிபுணர் ஒன்பது பேரை அழைத்து, பெயர் மறைத்த புட்டிகளிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். சிவப்பு இரசத்தில் போர்தோவின் நான்கும் கலிபோர்னியாவின் ஆறும் இருந்தன. மூத்தோன் ரோத்ஷீல்டும் ஓ-பிரியோனும் அவற்றுள் அடக்கம். மதிப்பெண்களைக் கூட்டியபோது முதலில் வந்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் தோட்டத்தின் 1973-ஆம் ஆண்டு இரசம். அக்கொடிகள் நட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. செய்தியாளர்களுள் ‘டைம்’ இதழைச் சேர்ந்த ஜார்ஜ் டேபர் ஒருவரே வந்திருந்தார். மற்றவர்க்கு முடிவு முன்கூட்டியே தெரிந்ததாகத் தோன்றியது போலும். இப்போட்டியால் போர்தோவின் விலை குறைந்துவிடவில்லை. கலிபோர்னியாவின் விலைதான் ஏறியது! ஸ்டாக்ஸ் லீப் இரசமும் இன்று எளியவர் கைக்கு எட்டாததாகிவிட்டது.

2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொரு சோதனை நடத்தினர். ஒரே இரசத்தை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லி இருபது பேருக்குக் கொடுத்தனர். 90 டாலர் என்று கேட்டபோது அது இனிதாக இருந்தது என்றனர். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது கூடுதலாகவே இயங்கிற்று. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையைக் கேட்டதே அவர்களுக்குச் சுவையாயிற்று. ஆகவே, விலை உயர்ந்த இரசத்தைப் புகழ்வோரைப் பாசாங்குக்காரர் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. நம்மில் எவர்க்கும் அது நேரும்.

அப்படியாயின் விலையெல்லாம் வெறும் பெயர்தானா? அதுவும் சரியன்று. ஒரு புதிய ஓக்கு மரப் பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 புட்டி கொள்ளும். நல்ல பிரெஞ்சுப் பீப்பாயின் விலை பல நூறு யூரோ. அது புட்டிக்கு இரண்டு மூன்று யூரோவாகப் பங்கிடப்படும். எக்டேருக்கு 35 எக்டோலிட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சட்டமுள்ள ஊரில் 4,600 புட்டிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். இரண்டு மூன்று மடங்கு எடுக்கும் சமவெளியில் செலவு அதற்கேற்பக் குறையும். கையால் பறித்தால் கூலி. இரண்டாண்டு கிடங்கில் வைத்தால் முடங்கிய முதலுக்கு வட்டி. இவையெல்லாம் உண்மையான செலவுகள். இவற்றின் பயன் கிண்ணத்திலும் தெரியும். எனவே மிக மிக மலிவான புட்டியிலிருந்து ஓரளவு மேலே செல்லும்போது சுவை விரைந்து உயர்கிறது. பின்னர் மெல்ல உயர்கிறது. அதற்கும் மேலே செல்லும்போது சுவை நின்றுவிட, விலை மட்டும் தனியே மலையேறுகிறது. சுவையும் விலையும் ஒன்றாக நடக்கும் அந்த முதற்பகுதியே அறிவுள்ள குடும்பத்தலைவர் நிற்க வேண்டிய இடம்.

இதுவரை வாங்குபவரின் பக்கம் நின்றே பேசினோம். மறுபக்கம் ஒன்று உண்டு. புனித தோமா அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்’பில் நீதியான விலையைப் பற்றி ஆராயும்போது, ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்பதும் அநீதி, மதிப்புக்குக் கீழ் வாங்குவதும் அநீதி என்று இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்துகிறார். முதற்பாதியை நாம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறோம். இரண்டாம் பாதியை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு 1907-ஆம் ஆண்டுத் தெற்குப் பிரான்சு சான்று.

1863 அளவில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழிக்கத் தொடங்கியது. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே தீர்வு எனக் காண்பதற்குள் பல மாவட்டங்கள் பாலையாயின. தட்டுப்பாட்டைப் போக்க அல்ஜீரியாவிலிருந்து இரசம் இறக்குமதியாயிற்று. சர்க்கரையும் நீரும் சேர்த்துப் பிழிந்த சக்கையிலிருந்து போலி இரசம் காய்ச்சுவோரும் பெருகினர். பின்னர் லாங்கெதோக் சமவெளியில் புதுக்கொடிகள் மிகுதியாகக் காய்த்தபோது, இறக்குமதியும் போலியும் நிற்கவில்லை. 1903-இல் சர்க்கரை வரி குறைக்கப்பட்டதால் போலி இன்னும் மலிந்தது. உற்பத்திச் செலவுக்கும் கீழே விலை சரிந்தது. பாரீசுத் தொழிலாளி மலிவாகக் குடித்தார். லாங்கெதோக் உழவர் பட்டினி கிடந்தார்.

1907 மார்ச் 11 அன்று அர்ழெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் நார்போன் நகருக்கு நடந்து சென்று, நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிட்டனர். தலைமை தாங்கியவர் மர்செலென் அல்பேர். ஊரில் காப்பிக்கடை வைத்திருந்த சிறு விவசாயி. அதன்பின் ஞாயிறுதோறும் ஒரு நகரில் கூட்டம். மே 5 நார்போன், 12 பெசியே, 19 பெர்பிஞான், 26 கார்க்காசோன், ஜூன் 2 நீம். ஒவ்வொரு வாரமும் கூட்டம் பெருகி, ஜூன் 9 அன்று மோன்பெல்லியே நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஆண்கள் மட்டுமல்லர், கைக்குழந்தைகளோடு பெண்களும் இரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் வந்தனர். அவ்வளவு பேருக்கு அந்நகரில் தங்க இடமேது?

அப்போது மோன்பெல்லியே ஆயராக இருந்தவர் த கப்ரியேர் ஆண்டகை. 1874 முதல் அம்மறைமாவட்டத்தை ஆண்டுவந்த முதியவர், மன்னராட்சியை ஆதரித்தவர். காலமோ திருச்சபைக்குச் சோதனைக் காலம். 1905 டிசம்பரில் அரசும் திருச்சபையும் சட்டத்தால் பிரிக்கப்பட்டு, 1906-இல் ஆலயப் பொருள்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் கதவுகளை உடைத்து நுழைந்த காட்சிகள் மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தன. வந்திறங்கிய உழவர்களுள் பெரும்பகுதியினர் குருக்களை எதிர்க்கும் கட்சிகளுக்கு வாக்களித்துவந்தவர்கள். ஆலய வாசலை மிதிக்காதவர் பலர். ஆயர் அவர்களுடைய அரசியலைக் கேட்கவில்லை. பேராலயத்தின் கதவையும் நகரின் மற்ற ஆலயக் கதவுகளையும் திறந்துவிடச் செய்தார். அன்றிரவு பெண்களும் குழந்தைகளும் களைத்த ஆடவரும் ஆலயங்களின் தரையில் துயின்றனர். பதினெட்டு மாதங்களுக்கு முன் அரசின் சட்டம் ‘தனியார் சமயம்’ என்று ஒதுக்கிவைத்த ஆலயங்களே அன்று ஊரின் பொதுச்சத்திரமாயின. இந்த ஆயர் 1911-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். ஆனால் அப்பகுதியில் இன்றும் நினைக்கப்படுவது 1907-ஆம் ஆண்டின் அந்த ஓரிரவுக்காகவே எனலாம்.

பின்னர் நடந்தவை துயரமானவை. நூற்றுக்கணக்கான நகரத் தலைவர்கள் பதவி விலகினர். வரி கொடுப்பது நின்றது. தலைமை அமைச்சர் கிளெமென்சோ படையை அனுப்பினார். ஜூன் 19, 20 நாள்களில் நார்போனில் துப்பாக்கிச் சூடு; உயிர்கள் பலியாயின. இறந்தவர்களுள் சந்தைக்கு வந்த இளம்பெண் ஒருவரும் உண்டு. செய்தி கேட்டு, உள்ளூர் இளைஞர்களைக் கொண்ட 17-ஆம் காலாட்படையின் ஏறத்தாழ ஐந்நூறு வீரர்கள், தம் பெற்றோரைச் சுட மறுத்துக் கலகம் செய்து பெசியே நகருக்கு நடந்தனர். பின்னர் தூனிசியாவின் காஃப்சா பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்டனர். அல்பேர் மறைவாகப் பாரீசு சென்று கிளெமென்சோவைச் சந்தித்தார். ஊர் திரும்ப இரயில் கட்டணமாக நூறு பிராங்கு நோட்டு ஒன்றை அமைச்சர் நீட்ட, அவரும் கள்ளமின்றிப் பெற்றுக்கொண்டார். அமைச்சர் அதைச் செய்தியாளரிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு நோட்டு, ஐந்து இலட்சம் பேர் ‘மீட்பர்’ என்று போற்றிய மனிதரை ஊராரிடையே துரோகியாக்கிற்று. இரசத்தின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான விலை வேறொன்றும் இல்லை.

ஆயினும் பயன் விளைந்தது. ஜூன் 29 அன்றே நீர் கலப்பதையும் அளவுக்கு மீறிச் சர்க்கரை சேர்ப்பதையும் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. விளைச்சலை ஒவ்வொருவரும் பதிவு செய்ய வேண்டுமென்ற கட்டாயமும் வந்தது. இடைத்தரகரின்றி விற்கும் வழியையும் சிற்றுழவர் நாடினர். பெசியேவுக்கு அருகிலுள்ள மரோசான் ஊரில் 1901-லேயே ‘விடுதலை பெற்ற திராட்சை உழவர்’ என்ற பெயரில் கூட்டுறவு தொடங்கி, 1905-இல் பொதுக் கிடங்கு கட்டி, பாரீசுத் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு நேரே அனுப்பிவந்தனர். உழவருக்கும் விலை, குடிப்பவருக்கும் தரம். அக்குவினாஸ் கேட்ட துலாக்கோல் ஒரு சிற்றூர்க் கிடங்கில் சமமாக நின்றது. இந்த முன்மாதிரியைப் பின்பற்றி அடுத்த பத்தாண்டுகளில் தெற்கெங்கும் கூட்டுறவுக் கிடங்குகள் எழுந்தன.

போலிக்கு எதிரான இன்னொரு காவல், பெயருக்கு வேலியிடுவது. அதன் கதை திருத்தந்தையரின் நிழலில் தொடங்குகிறது. 1309 முதல் திருத்தந்தையர் அவிஞோனில் தங்கியிருந்த காலத்தில், இருபத்திரண்டாம் யோவான் (1316-1334) அருகிலிருந்த குன்றூரில் கோடைக் கோட்டை ஒன்று கட்டினார். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதைத் தகர்த்தபின் இன்று சுவர்கள் மட்டும் வானைப் பார்த்து நிற்கின்றன. அவ்வூர் 1893-இல்தான் ‘ஷத்தோநெஃப்-து-பாப்’—திருத்தந்தையின் புதுக்கோட்டை—என்று தன் பெயரை அதிகாரமுறையாக மாற்றிக்கொண்டது. நல்ல பெயருக்குச் சந்தை மதிப்பு உண்டென்பதை ஊராரும் அறிந்திருந்தனர்! பெயர் புகழ்பெற்றதும் எங்கெங்கோ விளைந்த இரசமெல்லாம் அப்பெயரைச் சூடிக்கொண்டது. 1923-இல் வழக்கறிஞரும் முதல் உலகப்போர் விமானியுமான பரோன் லெ ருவா, ஊராருடன் சேர்ந்து விதிகள் வகுத்தார்: எந்நிலம், எத்திராட்சை, குறைந்தது எவ்வளவு வீரியம், அழுகலை நீக்கிய பின்னரே பிழிதல். இவ்விதிகளே 1935-இல் நாடு முழுமைக்குமான பெயருரிமைச் சட்டத்துக்கு முன்மாதிரியாயின. திருத்தந்தையின் மும்முடியும் திறவுகோல்களும் புட்டியின் கண்ணாடியிலேயே புடைத்து நிற்பதை நம்மவர் சிலர் கண்டிருக்கலாம். அதைக் கண்டு அது திருப்பலிக்குரியது என்று எண்ணிவிட வேண்டா. திருச்சபைச் சட்டம் 924 பலிபீடத்து இரசத்திடம் கேட்பது, திராட்சைக் கனியின் இயல்பான இரசமாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்பதே. ஊரும் பெயரும் விலையும் அங்கே கேட்கப்படுவதில்லை.

இக்கதைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கொடுத்த விலைக்கு ஏற்ற இரசம் எங்கே கிடைக்கும் என்பது ஓரளவு தெளிவாகும். புகழ்பெற்ற பெயரின் அண்டைவீட்டில் தேட வேண்டும். ஷத்தோநெஃப் குன்றைச் சுற்றிலும் அதே கிரெனாஷ் திராட்சை, அதே வெயில். ழிகோந்தாஸ் 1971-இலும் வக்கேராஸ் 1990-இலும் கேரான் 2016-இலும் தனிப்பெயர் பெற்றன. பிந்திப் பெயர் பெற்றவை பொதுவாக விலை குறைந்தவை. பர்கண்டிக்குத் தெற்கே போஜொலே. அங்கு விளையும் கமே என்னும் திராட்சையை 1395-இல் பர்கண்டிக் கோமகன் பிலிப்பு தம் நாட்டிலிருந்து பிடுங்கியெறிய ஆணையிட்டார். பிடுங்கப்பட்டது தெற்கே கருங்கல் மண்ணில் வேரூன்றியது. மொர்கோன், ஃப்ளூரி போன்ற ஊர்களின் இரசம் பர்கண்டியின் விலையில் சிறு பங்கே. கோமகனின் வெறுப்பு இன்றுவரை நமக்கு ஆதாயம். சிலி நாட்டில் கார்மெனேர் என்ற திராட்சை நெடுங்காலம் மெர்லோ என்ற தவறான பெயரில் வளர்ந்து, 1994-இல்தான் அடையாளம் காணப்பட்டது. போர்தோவில் பூச்சியால் ஏறக்குறைய மறைந்துபோன கொடி அது. இசுப்பானியத்தின் ரியோகாவில் கிடங்கில் சில ஆண்டுகள் வைத்துப் பக்குவமான பின்பே விற்கும் வழக்கமுண்டு. அந்தக் காத்திருப்புக்கு அவர்கள் கேட்கும் விலை வியப்பூட்டுமளவு குறைவு.

வாங்கிய பின்னும் சில செய்திகள் உண்டு. நடுத்தர விலைச் சிவப்பு இரசம் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. அதைக் கண்ணாடி அலமாரியில் ஞானஸ்நானப் படத்துக்கும் பரிசுக் கோப்பைக்கும் நடுவே பத்தாண்டு நிறுத்திவைத்து, மகளின் திருமணத்தன்று திறந்து முகம் சுளிப்பதால் பயனில்லை. நம் ஊர் வெயிலில் இரண்டு கோடையே அதற்குப் போதும். சிவப்பு இரசத்தை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற விதி, 18 பாகைக்குள் இருந்த பழைய ஐரோப்பிய அறைகளுக்கு எழுதப்பட்டது. 32 பாகையில் நாம் அதைப் பின்பற்றினால் சாராய நெடியே மேலோங்கும். அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்து, உணவோடு, புனித ஆசீர்வாதப்பரின் அளவுக்கு மிகாமல் அருந்துவதே முறை. எஞ்சியதைத் தக்கையிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இனி, லாங்கெதோக். 1907-இல் மலிவுக்கும் போலிக்கும் பெயர்பெற்றிருந்த அச்சமவெளியை ஒட்டிய குன்றுகளில், கொர்பியேர், ஃபோழேர், சேன்-ஷினியான், மினெர்வுவா என்ற பெயர்களில் இன்று கிடைக்கும் சிவப்பு இரசம், கொடுக்கும் காசுக்கு ஐரோப்பாவில் மிகுந்த நிறைவு தருபவற்றுள் ஒன்று என்பது நம் கருத்து. பழைய கெட்ட பெயர் விலையை இன்னும் இறக்கியே வைத்திருக்கிறது. தரமோ எப்போதோ ஏறிவிட்டது. புட்டியில் ஊர்க் கூட்டுறவின் பெயரிருந்தால் தயங்க வேண்டியதில்லை. அந்த 87 பேர் புறப்பட்ட அர்ழெலியே, மினெர்வுவா எல்லைக்குள் இருக்கும் ஊர்.